ஆர்.ஜி. 6-ஐக் கழற்றிவிட்டு ஆர்.ஜி. 6 போட்ட கதை

"மூன்று வருடத்துக்கு முன்னால் வாங்கிய பில்லிலும் ஆர்.ஜி. 6 என்றுதான் இருக்கிறது. இப்போது நீங்கள் கொடுத்திருக்கும் பில்லிலும் ஆர்.ஜி. 6. ஒன்றைக் கழற்றிவிட்டு அதையே திரும்பப் போடுவதற்கா சார் இவ்வளவு பணம்?"

தஞ்சாவூர் மாவட்டத்து அரிசி ஆலை ஒன்றின் கணக்குப்பிள்ளை என்னிடம் கேட்டது இது. இரண்டு பில்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். நியாயமான கேள்வி. ஆர்.ஜி. 6 என்பது கேமரா, டி.வி. சமிக்ஞையைக் கொண்டுபோகும் ஒரு வகைக் கேபிளின் பெயர். அவருக்கு அன்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

புகார்

அது புழுங்கல் அரிசி ஆலை. நெல் அவிக்கும் நீராவியும் தவிட்டுத் தூசியும் எங்கும் படிந்திருக்கும். முன்வாயிலில் லாரி எடைமேடை. அதன் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம், கம்பத்தின் மேல் பழைய அனலாக் வகைக் கேமரா. அங்கிருந்து அலுவலகத்தில் படத்தைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர். பெட்டி வரை கேபிள் ஓடும் தூரம் 210 மீட்டர்.

காலையில் மோட்டார்கள் ஓடாத நேரத்தில் படம் சுமாராக, கொஞ்சம் வெளிறித் தெரியும். அரவை தொடங்கியதும் ஒரு தடித்த கரும்பட்டை திரையின் கீழிருந்து மெல்ல மேலே ஏறும். மேலே போய் மறைந்ததும் மறுபடி கீழே முளைக்கும். மழை நாட்களில் படம் திடீரென்று உருண்டு, பிறகு தானாக நிற்கும். ஒருமுறை ஒரு லாரி நெல்லின் எடையில் தகராறு வந்தது. பதிவைப் போட்டுப் பார்த்தபோது வண்டியின் எண்பலகைக்கு மேல் சரியாக அந்தப் பட்டை உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

அதற்குள் கேமராவை இரண்டு முறையும், டி.வி.ஆர். பெட்டியை ஒரு முறையும், அடாப்டரை எத்தனையோ முறையும் மாற்றியிருந்தார்கள். கேபிளை மட்டும் யாரும் தொடவில்லை. பொருத்திய இளைஞர் என்னோடு வந்திருந்தார், நல்ல உழைப்பாளி. "கேபிளில் குறை இருக்காது அண்ணே. எல்லாரும் ஆர்.ஜி. 59 போடுவார்கள். நான் அதைவிடத் தடித்த ஆர்.ஜி. 6 போட்டிருக்கிறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மேலுறையில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அதற்குமேல் ஒன்றும் அச்சிடவில்லை என்பதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

என்னுடைய தவறான துப்பு

அலுவலகத்தில் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டபோது கேபிளின் கடைசி எட்டு மீட்டர் வேறாக இருந்தது. விரலுக்கு மெலிதாகத் தட்டுப்பட்டது, 5 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். வெளியே இழுத்துப் பார்த்தேன். ஆர்.ஜி. 58 ஏ/யூ.

அது எப்படி அங்கே வந்தது என்பதற்கு ஒரு பூர்விகம் உண்டு. 1990-களில் அந்த அலுவலகத்தின் பில் கணினியையும் எடைமேடைக் கணினியையும் இணைத்திருந்த பழைய ஈதர்நெட் வலையின் மிச்சம் அது. இரண்டிரண்டாக முறுக்கிய இன்றைய வலைக்கம்பிகள் வருவதற்குமுன் கணினி வலை இப்படித்தான் இருந்தது. ஒரே கேபிள் கணினிக்குக் கணினி தாவிப் போகும். ஒரு துண்டு 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் 30 இணைப்புகளுக்கு மேல் தொங்கக் கூடாது, இரண்டு கோடியிலும், அலை திரும்பி வராமல் விழுங்கிக்கொள்ளும் 50 ஓம் முடிப்பான் இருக்க வேண்டும். யாராவது ஒரு முடிப்பானைக் கழற்றினால் அலுவலகமே நின்றுபோகும். அந்தக் கேபிளின் இரு முனையிலும் பி.என்.சி. இணைப்பான் ஏற்கெனவே இருந்ததால், தம்பி அதைச் சிக்கனமாகப் பயன்படுத்திவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். கேமராவும் டி.வி.ஆர். பெட்டியும் 75 ஓம், நடுவே ஒரு 50 ஓம் துண்டு. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நினைத்தேன்.

இந்த ஓம் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 75 ஓம் கேபிள் என்றால் அதன் கம்பியில் 75 ஓம் மின்தடை இருக்கிறது என்று பொருள் அல்ல. கேபிளுக்குள் ஓடும் அலைக்கு அந்தக் கேபிள் காட்டும் மின்மறுப்பு அது. நடுக்கம்பியின் விட்டம், அதைச் சுற்றியுள்ள காப்புப் பொருளின் விட்டம், அந்தப் பொருளின் தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நீளம் கணக்கில் வராது. ஒரு மீட்டர் வெட்டினாலும் 75, ஒரு கிலோமீட்டர் என்றாலும் 75. ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வரும். 75-க்கும் 50-க்கும் இடையே மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆற்றலில் 4 சதவீதம் திரும்பும்.

துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு 75 ஓம் துண்டைப் போட்டேன். திரையில் பட்டை அதே நிதானத்தோடு மேலே ஏறியது.

முதலில் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் பிறகுதான் போட்டேன். அனலாக் படச் சமிக்ஞையின் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ். திட பாலிஎதிலீன் காப்புள்ள கேபிளில் அலை ஒளியின் வேகத்தில் 66 சதவீத வேகத்தில்தான் போகும். ஆகவே அந்த அதிர்வெண்ணில் ஓர் அலைநீளம் 40 மீட்டர். எட்டு மீட்டர் துண்டு அதில் ஐந்தில் ஒரு பங்கு. சமிக்ஞை இழப்பை டெசிபெல்லில் அளப்பார்கள்; இதன் தொல்லை ஒரு டெசிபெல்லுக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவு. டிஷ் ஆன்டெனாவின் கேபிளில், 2 கிகாஹெர்ட்ஸில் இதே துண்டு இருந்திருந்தால் கதை வேறு. அங்கே எதிரொலியைவிட ஆர்.ஜி. 58-இன் இழப்பே ஆளைக் கொன்றுவிடும், மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல். தவறான கேபிள் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குத் தவறு அல்ல.

இடையில் ஓர் எச்சரிக்கை. 50 ஓம், 75 ஓம் பி.என்.சி. இணைப்பான்கள் ஒன்றோடொன்று சேதமில்லாமல் பொருந்தும், அதனால்தான் இப்படிப்பட்ட கலப்புகள் யார் கண்ணிலும் படுவதில்லை. 'என்' (N) என்ற எழுத்தைப் பெயராகக் கொண்ட இணைப்பான் வகையில் அந்தத் துணிச்சல் கூடாது. 50 ஓம் ஆண் இணைப்பானின் ஊசி தடித்தது, 75 ஓம் பெண் இணைப்பானின் துளையை விரித்துப் பாழாக்கிவிடும்.

மல்டிமீட்டரும் காந்தமும்

மறுநாள் காலை கேமரா பக்கத்துக் கேபிள் முனையில் நடுக்கம்பியையும், அதன் காப்பைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, அலுவலகத்து முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 41 ஓம். ஒருவர் கம்பத்தின் அடியில் இணைப்பானை ஆட்டினால் எண் 38-க்கும் 50-க்கும் இடையே தாவியது.

நல்ல செம்புக் கம்பியாக இருந்தால் எவ்வளவு வர வேண்டும்? இன்றைய ஆர்.ஜி. 6 வகையின் நடுக்கம்பி 1.02 மில்லிமீட்டர் விட்டம். அந்தத் தடிமனில் செம்பு கிலோமீட்டருக்கு 21 ஓம், 210 மீட்டருக்கு 4.4 ஓம். நெருக்கமான செம்புப் பின்னலுக்கு இன்னொரு 2 ஓம். மொத்தம் ஆறரைக்குள் முடிந்திருக்க வேண்டியது 41-இல் நின்றது.

கிடங்கில் மூன்றாவது சுருளின் மிச்சம் 60 மீட்டர் கிடந்தது. கேபிள் 90 மீட்டர் சுருளாக வந்ததால் இரண்டு முழுச் சுருளும் மூன்றாவதில் 30 மீட்டரும் செலவாகியிருந்தன. மிச்சச் சுருளின் இரு முனையும் ஒரே இடத்தில் இருப்பது அளப்பவனுக்கு வரம். நடுக்கம்பி 6.2 ஓம், பின்னல் 1.8 ஓம். கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் நடுக்கம்பி 103, பின்னல் 30. நடுக்கம்பியில் செம்பைவிட ஐந்து மடங்கு தடை.

தம்பியின் கருவிப்பெட்டியில் திருகாணி பொறுக்கும் காந்தம் ஒன்று இருந்தது. கேபிளின் முனையை ஓர் அங்குலம் உரித்து அதன் அருகே கொண்டுபோனேன். செம்பு நிறத்தில் பளபளத்த கம்பி டக்கென்று காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

செம்புப் பூச்சு இட்ட எஃகு அது. வெளியே சுமார் 0.03 மில்லிமீட்டர் செம்பு, உள்ளே முழுக்க எஃகு. செம்புப் பூச்சு இட்ட அலுமினியம் என்ற இன்னொரு வகையும் கடைகளில் உண்டு. அது காந்தத்தில் ஒட்டாது, கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பின்னலும் செம்பு அல்ல. ஓர் அலுமினியத் தாள், அதன்மேல் இடைவெளி விட்டுப் பின்னிய அலுமினியக் கம்பிகள். சுற்றுப்பரப்பில் எவ்வளவை மூடுகிறது என்பதை வைத்துக் கேபிள் டி.வி. தொழிலில் 60 சதவீதப் பின்னல் என்பார்கள், மலிவுச் சரக்கில் 40-க்கும் இறங்கும்.

"ஏமாற்றிவிட்டார்களா அண்ணே?" என்றார் தம்பி. இல்லை என்றுதான் சொன்னேன். ஆர்.ஜி. 6 என்ற பெயர் செம்பு என்று எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை.

பெயர் எங்கிருந்து வந்தது

ஆர்.ஜி. என்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வைத்த பெயர்முறை. ஆர் என்பது ரேடியோ. ஜி என்பதைக் கைடு என்றே பெரும்பாலானோர் விரிக்கிறார்கள், கவர்ன்மென்ட் என்பவர்களும் உண்டு. பின்னால் வரும் சாய்கோட்டு யூ பொதுப் பயனுக்கானது என்பதைக் குறிக்கும். நடுவில் உள்ள எண்தான் எல்லாரையும் குழப்புவது. அது வெறும் பதிவேட்டு வரிசை எண். ரேஷன் அட்டை எண்ணை வைத்து ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் என்று எப்படிச் சொல்ல முடியாதோ, அப்படி ஆர்.ஜி. எண்ணை வைத்துக் கேபிளின் தடிமனையோ ஓமையோ ஊகிக்க முடியாது.

ஆர்.ஜி. 58-உம் 59-உம் அடுத்தடுத்த எண்கள், ஒன்று 50 ஓம் குடும்பம், மற்றது 75. ஆர்.ஜி. 59-இன் வெளிவிட்டம் 6.15 மில்லிமீட்டர். எண்ணில் அதைவிடச் சிறிய ஆர்.ஜி. 11-க்கு 10.3 மில்லிமீட்டர். ஆர்.ஜி. 62 இரண்டு கட்சியிலும் சேராமல் 93 ஓம் என்று தனியாக நிற்கும், ஒரு காலத்தில் ஐ.பி.எம். கணினி முனையங்களை இணைத்தது அதுதான். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து ஒரு திருத்தத்தைக் குறிக்கும், அந்தத் திருத்தம் அற்பமாகவும் இருக்கலாம், கம்பியே மாறியதாகவும் இருக்கலாம். ஆர்.ஜி. 58/யூ ஒற்றைக் கம்பி. ஆர்.ஜி. 58 ஏ/யூ இழைகளாக முறுக்கிய கம்பி.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் மில்-சி-17 என்ற ராணுவத் தர ஆவணம் இருந்தது. எந்தப் பொருள், எந்த விட்டம், எவ்வளவு பின்னல் என்பதெல்லாம் அதில் இருந்தன. பிற்பாடு அமெரிக்க ராணுவம் ஆர்.ஜி. எண்ணைத் தனியாகப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு எம்17 என்று தொடங்கும் எண்களுக்கு மாறியது. ஆர்.ஜி. 58-இன் தகுதிபெற்ற வாரிசு இன்று எம்17/28-ஆர்ஜி058. இந்த நீண்ட பெயரை உண்மையாகவே அச்சிட ஒரு தொழிற்சாலை தகுதிச் சோதனையில் தேற வேண்டும். குட்டைப் பெயரை அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆர்.ஜி. 8 எக்ஸ் என்று ஒரு கேபிள் அமெச்சூர் வானொலிக்காரர்களிடையே மிகவும் பிரபலம். ராணுவப் பட்டியலில் அப்படி ஒரு பெயரே கிடையாது, வணிகர்கள் சூட்டியது.

ஆர்.ஜி. 6 கதை இதைவிடச் சுவையானது. ராணுவத்தின் ஆர்.ஜி. 6 ஏ/யூ-வை இன்று யாராவது கொண்டுவந்து காட்டினால் நம் கடைக்காரர்கள் அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். வெளிவிட்டம் 8.4 மில்லிமீட்டர், இரட்டைப் பின்னல், திட பாலிஎதிலீன் காப்பு, நடுக்கம்பி 0.72 மில்லிமீட்டர். இன்று அதே பெயரில் விற்பது 7 மில்லிமீட்டருக்கும் சற்று மெலிது, நுரைத்த காப்பு, நடுக்கம்பி 1.02. காப்பின் விட்டம் மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, நாலரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே.

கம்பி ஏன் தடித்தது? 75 ஓமைக் காப்பாற்றுவதற்காக. இப்படி நடுக்கம்பியைச் சுற்றிக் காப்பும் பின்னலும் உள்ள கேபிளைக் கோஆக்ஸியல் என்பார்கள், அதன் மின்மறுப்புக்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. காப்பின் விட்டத்தை நடுக்கம்பியின் விட்டத்தால் வகுத்து, அதன் பத்தடிமான மடக்கையை 138-ஆல் பெருக்கி, கேபிளில் அலை செல்லும் வேக விகிதத்தாலும் பெருக்க வேண்டும். பழையதற்கு: 4.7-ஐ 0.72-ஆல் வகுத்து, 0.66 வேகத்தோடு கணக்கிட்டால் 75-ஐ ஒட்டி வரும். காப்பை நுரைத்தால் உள்ளே காற்று கூடுகிறது, வேகம் 0.83-க்கு உயர்கிறது. கம்பி பழைய தடிமனிலேயே இருந்தால் மின்மறுப்பு 90-ஐத் தாண்டிவிடும். ஆகவே கம்பியை 1.02-க்குப் பெருக்கினார்கள், மறுபடி 75 வந்தது. தடித்த கம்பிக்கு இழப்பும் குறைவு. இது பொறியியலில் அழகான நகர்வு, எனக்கு அதில் குறையே இல்லை. பெயரையும் அப்போதே மாற்றியிருக்கலாம் என்பதுதான் என் மனத்தாங்கல். உண்மையில் அமெரிக்கக் கேபிள் டி.வி. துறை எஃப்-6, சீரிஸ் 6 என்று மாற்றித்தான் வைத்தது. கடைத்தெரு ஏற்றுக்கொள்ளவில்லை.

எஃகுக்கும் ஒரு நியாயம் உண்டு

நடுக்கம்பியில் எஃகு என்றதும் கலப்படம் என்று பலர் கொதிக்கிறார்கள். அது சரியல்ல. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும். 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் அது 9 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும், அதாவது நம் கம்பி முழுவதும் வேலை செய்யும். 5 மெகாஹெர்ட்ஸில் 0.03 மில்லிமீட்டர். 1 கிகாஹெர்ட்ஸில் 0.002. கேபிள் டி.வி. 50 மெகாஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது, டிஷ்ஷிலிருந்து இறங்கும் சமிக்ஞை 950 முதல் 2150 வரை. அங்கெல்லாம் மின்னோட்டம் 0.03 மில்லிமீட்டர் செம்புப் பூச்சுக்கு உள்ளேயே ஓடி முடிந்துவிடும். நடுவில் எஃகு இருந்தால் என்ன, பனைநார் இருந்தால் என்ன?

எஃகின் விறைப்புக்கு வேறு பயன்களும் உண்டு. செட்டாப் பெட்டியில் திருகும் எஃப் இணைப்பானுக்குத் தனி ஊசி கிடையாது, கேபிளின் நடுக்கம்பியே ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். மென்மையான செம்பு பத்துமுறை கழற்றி மாட்டினால் வளையும், எஃகு வளையாது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கும்போது இழுவையையும் தாங்கும். ராணுவத்தின் பழைய ஆர்.ஜி. 59 பி/யூ-விலும் செம்புப் பூச்சிட்ட எஃகுதான் இருந்தது என்பதைக் கேட்டால், "59 என்றால் அசல் செம்பு" என்று சத்தியம் செய்யும் கேமராக் கடைக்காரர்கள் திகைப்பார்கள்.

ஆனால் அந்த ஆலையின் கேமரா வேறு ரகம். அதன் சமிக்ஞை 50 ஹெர்ட்ஸுக்கும் கீழே தொடங்கி 5 மெகாஹெர்ட்ஸ் வரை போவது. கிட்டத்தட்ட முழு வீச்சும் செம்புப் பூச்சு மட்டும் போதாத இடத்தில் இருக்கிறது. படத்தின் ஒளியளவு, ஒவ்வொரு வரியையும் படத்தையும் தொடங்கச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு எல்லாம் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் வாழ்கின்றன. அங்கே ஓமின் விதி அப்படியே செல்லுபடியாகும். 75 ஓம் கேமரா, 75 ஓம் பெட்டி, நடுவே 41 ஓம் வழியிலேயே தின்றுவிட்டால், 1 வோல்ட்டாக வர வேண்டியது 0.79-ஆக வரும். 0.3 வோல்ட் ஒத்திசைவுத் துடிப்பு 0.24-ஆகச் சுருங்கும். படம் வெளிறியதற்கு இதுவே காரணம்.

பட்டைக்குக் காரணம் பின்னல். கேமராவின் உடல் இரும்புக் கம்பத்தின் வழியாக அங்கே எர்த் ஆகியிருந்தது, டி.வி.ஆர். பெட்டி அலுவலகத்தில் எர்த் ஆகியிருந்தது. இரண்டு எர்த்துக்கும் இடையே, கேபிளைக் கழற்றிவிட்டு அளந்தபோது, மோட்டார்கள் நின்றிருக்கையில் 0.4 வோல்ட், ஓடுகையில் 2.6 வோல்ட். அந்த மின்னழுத்தம் கேபிளின் பின்னல் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. பின்னலில் எவ்வளவு தடை இருக்கிறதோ அந்த அளவுக்குச் சரிவு ஏற்பட்டு, அது நேராகப் படத்தோடு கூடிவிடுகிறது. படம் நொடிக்கு 50 முறை வரையப்படுகிறது, மின்சாரமும் ஏறத்தாழ 50 முறை துடிக்கிறது. அந்த 'ஏறத்தாழ'வில் உள்ள சிறு வித்தியாசம்தான் பட்டையை மெதுவாக ஏறவைக்கும். ஓட்டை அலுமினியப் பின்னலின் 6.3 ஓம் இதற்கு விரித்த பாய்.

அரம் செய்த வேலை

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. கிலோமீட்டருக்கு 103, 30 என்ற அளவுகளின்படி 210 மீட்டருக்கு 28 ஓம்தான் வர வேண்டும். அளந்தது 41. மீதி 13 ஓம் எங்கே?

கம்பத்தடியில் இருந்த இணைப்பானை அறுத்துப் பிரித்தேன். நடுக்கம்பியின் நுனி பென்சில் மாதிரி கூராக இருந்தது, நிறம் காவி. துரு.

தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். வாங்கிவைத்திருந்த பி.என்.சி. எல்லாம் ஆர்.ஜி. 59-க்கானவை. அவற்றின் ஊசித் துளை 0.8 மில்லிமீட்டர் கம்பிக்கானது. 1.02 நுழையவில்லை. ஊரில் ஆர்.ஜி. 6-க்கான பி.என்.சி. கிடைக்கவில்லை. அதனால் கம்பியை அரத்தால் ராவி நுழைத்தார். 1.02-ஐ 0.8 ஆக்க, சுற்றிலும் 0.11 மில்லிமீட்டர் போக வேண்டும். செம்பு இருந்ததே 0.03 தான். ராவியபின் மிஞ்சியது மொட்டை எஃகு, அதுவும் நாள் முழுதும் நெல் அவியும் ஆலையில். நடுவழியில் சுருளோடு சுருளை ஒட்டிய இரண்டு இடங்களிலும் இதே கைவேலை. மழைநாளில் படம் உருண்டதற்கும் இணைப்பானை ஆட்டினால் எண் தாவியதற்கும் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இந்த இடத்தில் எனக்குத் தம்பியின் மேல் கோபம் வரவில்லை. இணைப்பானைக் கேபிளின் பெயரை வைத்துத்தான் விற்கிறார்கள், பெயர் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று பெட்டியில் எழுதுவதில்லை.

75-3 என்றால் என்ன?

டி.வி.ஆர். பெட்டியோடு வந்த சீனக் கையேட்டில் ஒரு தூர அட்டவணை இருந்தது. அதில் ஆர்.ஜி. என்ற பேச்சே இல்லை. 75-3, 75-5 என்று இருந்தது. தம்பி அதை ஏதோ மாடல் எண் என்று விட்டுவிட்டார். உண்மையில் அது ஆர்.ஜி. எண்ணைவிட நாணயமான பெயர். முழுப்பெயர் எஸ்.ஒய்.வி.-75-5 என்று வரும். எஸ் கோஆக்ஸியல் கேபிளைக் குறிக்கும், ஒய் பாலிஎதிலீன் காப்பு, வி பி.வி.சி. மேலுறை, 75 மின்மறுப்பு, 5 என்பது காப்பின் விட்டம் மில்லிமீட்டரில், உத்தேசமாக. நடுவில் டபிள்யூ சேர்ந்து எஸ்.ஒய்.டபிள்யூ.வி. என்றால் நுரைத்த காப்பு. அளவில் 75-3 ஆர்.ஜி. 59-க்கும், 75-5 ஆர்.ஜி. 6-க்கும் பக்கத்தில் வரும்.

ஜப்பானியர்களின் 5சி-2வி இன்னும் நறுக்கு. 5 காப்பின் விட்டம். சி என்றால் 75 ஓம், டி என்றால் 50. 2 என்பது திட பாலிஎதிலீன், அதன் இடத்தில் எஃப் வந்தால் நுரை. வி என்றால் ஒற்றைப் பின்னலும் பி.வி.சி. மேலுறையும், பி என்றால் தாளும் பின்னலும். ஆக எஸ்-5சி-எஃப்பி என்று பார்த்தால் செயற்கைக்கோள் வரவேற்புக்கான, 5 மில்லிமீட்டர் காப்புள்ள, 75 ஓம், நுரைத்த, தாள் சுற்றிய கேபிள் என்று படித்துவிடலாம். ரஷ்யர்களின் ஆர்.கே. 50-7-11-உம் இந்த வழிதான், ஓம் முதலில், விட்டம் அடுத்து. அமெரிக்காவிலேயே பிறந்த எல்.எம்.ஆர். 400 என்ற வணிகப் பெயரில் 400 என்பது வெளிவிட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றாக ஏறத்தாழச் சொல்லும்.

இவ்வளவு விவரமான பெயர்களும் நடுக்கம்பி எந்த உலோகம் என்பதை மட்டும் நேராகச் சொல்வதில்லை. அதற்குக் காந்தம்தான்.

மாற்றியதும் மாறியதும்

நான் எழுதிக் கொடுத்த கொள்முதல் குறிப்பில் ஆர்.ஜி. 6 என்ற சொல் கடைசியில்தான் வந்தது. 75 ஓம், நடுக்கம்பி 1.02 மில்லிமீட்டர் திடச் செம்பு, நுரைத்த காப்பு, தாள், அதன்மேல் 95 சதவீதச் செம்புப் பின்னல், வெளியில் பதிக்கத் தகுந்த மேலுறை, அதே கேபிளுக்கான அழுத்துவகை பி.என்.சி. இணைப்பான்கள். இந்தத் தூரத்துக்கு நல்ல ஆர்.ஜி. 59-உம் போதும் என்பார்கள், 230 மீட்டர் வரை தாங்கும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. 210 மீட்டர் அந்த விளிம்புக்கு மிக அருகில் இருந்ததால் எனக்கு மனம் வரவில்லை. ஒளியிழைக்கும் விலை கேட்டோம், ஒற்றைக் கேமராவுக்கு முதலாளி சம்மதிக்கவில்லை.

உள்ளூரில் கிடைக்காமல் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தது. வந்ததும் முதல் வேலையாகத் தம்பி ஒவ்வொரு சுருளின் முனையையும் உரித்துக் காந்தம் வைத்துப் பார்த்தார். நான் சொல்லவில்லை.

எது எதைக் குணப்படுத்துகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தேன். முதல் நாள் கேபிளையும் இணைப்பான்களையும் மட்டும் மாற்றினோம். சுற்றுத் தடை 6.6 ஓம், இணைப்பானை ஆட்டினாலும் அசையவில்லை. படத்தின் வெளிறல் போனது. பட்டை போகவில்லை, ஆனால் நிழலாக மெலிந்துவிட்டது. மறுநாள் கேமராவுக்கும் கம்பத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தாங்கி வைத்து, எர்த்தை அலுவலகப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டோம். அரவை முழு வேகத்தில் ஓடும்போது முதலாளி அரை மணி நேரம் திரையின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டை வரவில்லை.

பட நுணுக்கம் பெரிதாகக் கூடியது என்று சொல்ல மாட்டேன். 5 மெகாஹெர்ட்ஸில் பழைய கேபிளுக்கும் புதியதற்கும் இழப்பில் பெரிய வேற்றுமை இல்லை, 210 மீட்டருக்கு 4 டெசிபெல்லை ஒட்டி இரண்டிலும் போகும். எண்பலகை படிக்க முடிந்ததற்குக் காரணம் அதன்மேல் பட்டை உட்காராததும் மாறுபாடு திரும்பி வந்ததும்தான்.

கழற்றிய பழைய கேபிளின் முனைகளை ஒரு முழம் வெட்டி எறிந்துவிட்டு, 30 மீட்டரை முதலாளி வீட்டு மாடி டிஷ்ஷிலிருந்து கூடம் வரை இழுத்தோம். எஃப் இணைப்பான்கள் அதற்கென்றே அளவெடுத்தவை போலப் பொருந்தின. ஒரு சானல் விடாமல் எல்லாம் வந்தது. "அப்படியானால் இது நல்ல கேபிள்தானே!" என்றார் வீட்டம்மா. ஆமாம் என்றேன்.

கணக்குப்பிள்ளை இருப்புப் பேரேட்டில் இரண்டு பதிவாக எழுதிக்கொண்டார். ஆர்.ஜி. 6, செம்பு, மிச்சம் 60 மீட்டர். ஆர்.ஜி. 6, காந்தம் ஒட்டுவது, மிச்சம் 240 மீட்டர் சில்லறை. பிறகு தம்பியிடம் கேட்டு அந்தக் காந்தத்தை வாங்கி, நூலில் கட்டிக் கிடங்குக் கதவின் ஆணியில் தொங்கவிட்டார்.